வாசலில் வைத்த ரொட்டி

பாச்சும்
4 நவம்பர் 1997

கந்தெலாரியா அக்காவுக்கு,

நிகொலாசா உயிரோடு இருக்கிறாள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதைப் படித்ததும் நீ காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

தப்பு என்னுடையது. உன் மகளுடையது இல்லை, என்னோடு ரொட்டி சுடும் மற்ற ஆறு பெண்களுடையதும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு இதுவரை சுடாத அளவு ரொட்டி சுட்டோம். இந்தக் குளிரில் மாவு எழும்பவே மாட்டேன் என்றது. மெக்சிகோவில் அகதியாக இருந்தபோது நான் வேலை பார்த்த பேக்கரியில் இந்தத் தொல்லை கிடையாது, அங்கே வெயில் பார்த்துக்கொள்ளும். கடைசியில் உன் வீட்டு ஆவிக்குளியல் குடிசையைச் சூடாக்கி, தட்டுத் தட்டாக மாவை உள்ளே அடுக்கினேன். "பிள்ளை பெத்தவளப் படுக்க வைக்கிற இடத்துல மாவைப் படுக்க வைக்கிறாளே!" என்று ஊரே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் மாவு பொங்கி நின்றதும், சிரித்தவர்களே ரொட்டிக்கு வரிசையில் வந்து நின்றார்கள். ஏழு பேரும் கைம்பெண்கள். எண்பத்திரண்டில் எங்கள் ஆண்களைக் கொண்டுபோன பிறகு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நேற்றுக் காலை அடுப்படி வாசலில் ஒரு கூடை இருந்தது. எங்கள் ரொட்டிதான், சோம்பு போட்டது, நடுவில் நான் விரலால் அழுத்தும் குழியோடு. டவுன் கடைக்காரன் விற்காத ரொட்டியைத் திருப்பி அனுப்பினால் லாரிக்காரன் இப்படித்தான் வாசலில் வைத்துவிட்டுப் போவான். அதுதான் என்று நினைத்தேன். எல்லோரும் வெறும் வயிற்றோடு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே தூக்கி வந்து, காப்பி போட்டு, பங்கு வைத்தேன். நிகொலாசா இரண்டு தின்றாள்.

உச்சிப்பொழுதில் எவரிஸ்தோ லூஷ் வந்தான். வெள்ளைச் சட்டை, கம்பளிக் கோட்டு. பக்கத்தில் பெண் கேட்டுப் போகும் பெரியவர் உசேபியோ. பின்னால், போர்க்காலத்தில் ராணுவத்துக்காக அவன் நடத்திய ரோந்துப்படையின் ஆட்கள் நான்கு பேர், அரிவாளோடு.

"ரொட்டி நல்லா இருந்துச்சா, உர்சுலா?" என்று கேட்டான்.

"எந்த ரொட்டி?"

"நான் வச்ச ரொட்டி. வெளிய இல்லையே. உள்ளதான் போயிருக்கு. பெரியவரே, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அக்கா, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விடியற்காலை வாசலில் வைத்த ரொட்டி உச்சிவரை வெளியே இருந்தால் பெண் இல்லை, உள்ளே போனால் பெண் உண்டு. நம் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் பெண் கேட்கும் கூடை என்றால் மேலே பூத்தையல் துணி இருக்கும், உள்ளே சாக்லேட் கட்டி இருக்கும். அவன் இரண்டையும் வைக்கவில்லை. வேண்டுமென்றே வைக்கவில்லை. எங்கள் ரொட்டியை வேறு யாரையோ விட்டு வாங்கி, எங்கள் வாசலிலேயே வைத்திருக்கிறான். உசேபியோ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "துணியில்லாம ஏழைங்களும் கேட்டிருக்காங்க, உர்சுலா. ரொட்டிதான் பேச்சு."

நிகொலாசாவுக்குப் பதினேழு வயது. அவனுக்கு ஐம்பத்திரண்டு. அவன் முதல் மனைவி படியில் விழுந்து செத்தாள் என்று அவன் சொல்லுவான். கழுவிக் கிடத்திய பெண்கள் வேறு சொல்லுவார்கள். உன் லாசரோவையும் என் பிரௌலியோவையும் இன்னும் பதினோரு பேரையும் கோவிலிலிருந்து இழுத்துப் போனவன் அவன். ராணுவ லாரிதான் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது, தனக்கு ஒன்றும் தெரியாது என்று இன்றைக்கும் சொல்கிறான்.

கல்யாணம் பிப்ரவரி இரண்டாம் தேதி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். உன் பெயர்த் திருநாள் அன்று.

உர்சுலா


காப்பித் தோட்டம்
15 நவம்பர் 1997

உர்சுலா,

கிழிக்கவில்லை. நாலு தடவை படித்தேன்.

நீ ரொட்டியைப் பங்கு வைக்கவில்லை, என் மகளைப் பங்கு வைத்தாய். என் தம்பியின் பெண்டாட்டி என்று நம்பி உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். மாவைப் பார்த்துக்கொண்ட அளவுக்கு அவளைப் பார்த்துக்கொண்டாயா? வாசலில் ஒரு பொருள் இருந்தால் யார் வைத்தது என்று கேட்க உனக்கு வாய் இல்லையா? நீ மெக்சிகோவில் பதின்மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவள். நான் இந்த நாட்டிலேயே இருந்தவள். அந்த வருஷங்களில் வாசலில் கிடந்த எதையும் நாங்கள் கேட்காமல் தொட்டதில்லை.

அவன் துப்பாக்கிக் கட்டையால் லாசரோவின் வாயில் அடித்ததை நான் பார்த்தேன். கோவில் படியில் பல் விழுந்தது. நிகொலாசா என் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கை அவளைத் தொடுமா? அதற்கு முன்னால் அந்தக் கையை மணிக்கட்டோடு வெட்டுவேன். பிறகு மற்றதை வெட்டுவேன். அவசரப்பட மாட்டேன். இங்கே களை வெட்டுகிற அரிவாளைத் தினமும் தீட்டுகிறேன். என்னடி இவ்வளவு தீட்டுகிறாய் என்று பக்கத்தில் இருப்பவள் கேட்கிறாள்.

ஆனால் நான் இப்போது வர முடியாது. ஒப்பந்தம் ஜனவரி கடைசி வரை. அடையாள அட்டையைக் கங்காணி வாங்கி வைத்திருக்கிறான். போன வாரம் சொல்லாமல் ஓடிய ஒருவனைப் பிடித்து வந்து காப்பி உலர்த்தும் களத்தில் சங்கிலியால் அடித்தார்கள். எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகும் அடித்தார்கள்.

அதனால் நீ செய். வியாழக்கிழமை பஸ்ஸில் அவளை ஏற்றி என்னிடம் அனுப்பு. அதற்குப் பிறகு அந்த அடுப்பை உடைத்துப் போடு. கட்டும்போதே சொன்னேன், மக்காச்சோளம் தின்று வளர்ந்தவர்களுக்குக் கோதுமை எதற்கு, ஊர்க்கண் நம் வாசலில் விழும் என்று. நீ சிரித்தாய்.

இனிமேல் என்னை அக்கா என்று எழுதாதே.

கந்தெலாரியா


பாச்சும்
1 டிசம்பர் 1997

கந்தெலாரியாவுக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடியே வியாழக்கிழமை அவளை ஏற்றினேன். மாவு மூட்டைகளுக்கு நடுவில், முக்காடு போட்டு, கிழவி மாதிரி உட்கார வைத்தேன். பாலத்தில் மரத்தைப் போட்டு பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆறு பேர். கதவைத் திறக்க மாட்டேன் என்று நின்ற கண்டக்டரின் முகத்தில் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. நிகொலாசாவைக் கூந்தலைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஆள் ஹசிந்தோ என் கையை ஜன்னல் கம்பியில் வைத்து மிதித்தான். நான்கு விரல்கள். உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

எவரிஸ்தோ கோபமே படவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்து, "பாத்துக்கங்க, என் பொண்டாட்டிய ஊரைவிட்டுக் கடத்துறாங்க. நான் முறையாக் கேட்டு வாங்கின பொண்ணு," என்றான். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த பஸ்ஸில் பாதிப் பேர் எங்களிடம் ரொட்டி வாங்குகிறவர்கள். கல்யாணம்வரை ஊரைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லி எங்கள் இருவரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான்.

அடுப்பை உடைக்கச் சொன்னாய். அந்த வேலையை அவனே செய்துவிட்டான். கல்யாணத்துக்கு முந்நூறு ரொட்டி சுட வேண்டும் என்று ஆள் அனுப்பினான். நான் பேசுவதற்குள் எங்கள் ஏழு பேரில் ஒருத்தி, செபஸ்தியானா, சொன்னாள்: "உன் கருமாதிக்கு வேணா சுடுறோம், அதுவும் இனாமா." மறுநாள் சம்மட்டியோடு வந்தார்கள். அடுப்பின் மேற்கூடு முதல் அடியிலேயே உள்ளே விழுந்தது. தட்டுகளை வளைத்தார்கள். மாவில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். செபஸ்தியானாவைச் சுவரோடு சேர்த்து அறைந்ததில் அவளுக்கு இன்னும் வலது காது கேட்கவில்லை.

அவர்கள் போனதும் நான் உட்கார்ந்து அழுதேன். இந்தப் பெண்களுக்கு நல்லது செய்கிறேன் என்று வந்து, அவர்களை அடி வாங்க வைத்திருக்கிறேன் என்று அழுதேன். செபஸ்தியானா மண்ணைக் குழைக்க ஆரம்பித்தாள். "எழுந்திரு. அழறதுன்னா இந்த மண்ணுல அழு, தண்ணி மிச்சம்," என்றாள். மூன்று நாளில் அடுப்பு மறுபடி நின்றது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. உடைக்க மாட்டோம், நீ என்ன திட்டினாலும் சரி.

ஆனால் நிகொலாசா. அவள் இடுப்புக்கச்சைக்குள் மாவு வெட்டும் கத்தியைச் செருகி வைத்திருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

"இது எதுக்கு?"

"கல்யாணத்தன்னிக்கு, அத்தை. பக்கத்துல வந்து உக்காருவான்ல."

"அவன் ஆளுங்க உன்னை என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். அதையும் யோசிச்சுட்டேன்."

அவளிடம் என்ன சொல்வது? உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது. என்னைத் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

உர்சுலா


காப்பித் தோட்டம்
12 டிசம்பர் 1997

உர்சுலா,

அக்கா என்றே எழுது. பேர் சொல்லி எழுதினால் யாரோ எழுதின மாதிரி இருக்கிறது.

விரலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. இறுக்கிக் கட்டாதே, அழுகிவிடும். நான் எழுதியதில் சிலதை எழுதியிருக்க வேண்டாம். எது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது கவனமாகப் படி. உன் கடிதம் வந்ததிலிருந்து இதையேதான் யோசித்தேன்.

என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அம்மா உயிரோடு இல்லை. லாசரோ வீட்டார் ரொட்டி வைத்தார்கள், என் அப்பா உள்ளே எடுத்தார். ஆனாலும் உசேபியோ விடவில்லை. மாப்பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப் போய், அம்மா தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, அவளிடமும் கேட்க வைத்தார். பெற்றவர் உயிரோடு இருந்தால் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். செத்திருந்தால் கிடக்கும் இடத்தில் நின்று கேட்க வேண்டும். அது இல்லாமல் அவர் கை சேர்த்து வைத்ததில்லை. ரொட்டிக்கு விதி தெரிந்த மனிதருக்கு இதுவும் தெரியும்.

என்னிடம் கேட்க எவரிஸ்தோவுக்கு ஒரு பஸ் பயணம் போதும். நிகொலாசாவின் அப்பனிடம் கேட்டானா?

உயிரோடு இருக்கிறார் என்றால் கூட்டி வரட்டும். செத்துவிட்டார் என்றால் எங்கே என்று காட்டட்டும். தெரியாது என்றால் கல்யாணம் கிடையாது. முறை முறை என்று பேசுகிறவனை முறையாலேயே கழுத்தைப் பிடி.

தனியாகக் கேட்காதே, உன்னைக் கொன்று ஓடையில் போட்டுவிடுவான். சந்தை நாளில், பூசை முடிந்து ஊரே நிற்கும்போது கேள். அவன் குடித்திருந்தால் இன்னும் நல்லது. குடித்தால் அவனுக்குப் பெருமை தலைக்கேறும்.

நிகொலாசாவிடமிருந்து கத்தியை வாங்கிவிடு. அவள் சாவதற்காக நான் அவளை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் மலையில் ஒளிந்து திரியவில்லை.

கந்தெலாரியா


பாச்சும்
20 ஜனவரி 1998

அக்கா,

படித்ததும் எரித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை கேட்டோம். நான் கேட்பதாகத்தான் இருந்தது. கோவில் வாசலில் அவன் சாராயப் புட்டியோடு நின்று, கல்யாணச் சமையலுக்கு எத்தனை ஆடு என்று உசேபியோவிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டேன். நிகொலாசா என்னைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"எங்கப்பாகிட்ட கேட்டீங்களா?"

சந்தையில் கோழி விற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உசேபியோ நிமிர்ந்தார். நவம்பரிலிருந்து அந்த மனிதர் நிமிர்ந்து நான் பார்க்கவில்லை.

"பொண்ணு கேக்குறது நியாயம், எவரிஸ்தோ. அப்பன்கிட்ட கேக்காம நான் கை சேத்து வைக்க மாட்டேன். லாசரோ எங்க?"

"ராணுவம் கொண்டுபோச்சு. எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப கல்யாணம் நிக்கட்டும்," என்றார் பெரியவர்.

யாரோ ஒரு கிழவி சிரித்துவிட்டாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்புதான் காரணம். அவன் முகம் ரத்தமாகச் சிவந்தது. மிச்சச் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புட்டியைப் படியில் அடித்து உடைத்தான்.

"என்ன பயமுறுத்துறீங்களா? சமாதானம் கையெழுத்தாயிருச்சு. மன்னிப்புச் சட்டம் வந்தாச்சு. இனிமே ஒருத்தனும் என்னை ஒண்ணும் புடுங்க முடியாது. அப்பன்கிட்ட கேக்கணும், அவ்வளவுதானே? மெழுகுவத்தி கொண்டாங்கடா!"

முன்னால் நடந்தான். ஊர் பின்னால் போனது. பழைய சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால், மூன்று பைன் மரம் நிற்கிறதே, அங்கே. பதினைந்து வருஷமாக அந்த வழியாகத்தான் நான் அடுப்புக்கு விறகு சுமந்தேன் அக்கா. அங்கே உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறேன். தவறு, இரண்டு வருஷமாக. எனக்கு வருஷக் கணக்கெல்லாம் குழம்பிப் போய்விட்டது.

அவன் மெழுகுவர்த்தியை மண்ணில் நட்டு, தொப்பியைக் கழற்றினான். "லாசரோ, உன் பொண்ணைக் கேட்டு வந்திருக்கேன். தர்றியா?" காதில் கையை வைத்துக் குனிந்தான். "பதிலைக் காணோம். சம்மதம்னு எழுதிக்கங்க பெரியவரே."

அப்போது ஹசிந்தோ முன்னால் வந்தான். என் விரல்களை மிதித்தவன். அவன் அண்ணனும் அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவன். அண்ணனைப் பாசறையில் உயிரோடு வைத்திருக்கிறார்கள், நான் பேசி விடுவிக்கிறேன் என்று எவரிஸ்தோ சொன்னதை நம்பி, பதினைந்து வருஷம் அவன் சொன்ன அடியெல்லாம் அடித்தவன்.

"தலைவரே," என்றான் மெதுவாக. "எங்கண்ணன்?"

"அவனும் இங்கதாண்டா. உங்கண்ணன் மேல, லாசரோ அடியில."

இதைச் சொல்லிச் சிரித்தான் அக்கா. சிரித்து முடிக்கவில்லை. ஹசிந்தோவின் அரிவாள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. இழுத்தான், வரவில்லை. காலை வைத்து மிதித்து இழுத்தான். எவரிஸ்தோ முழங்காலிட்டு, "டேய், டேய்," என்று யாரையோ கூப்பிட்டான். அவன் ஆட்களைத்தான். அவர்கள் வந்தார்கள், வந்து அவர்களும் வெட்டினார்கள். பிறகு கல். பிறகு பெண்கள். பூசைக்குப் போட்ட நல்ல உடுப்போடு இருந்தோம். உசேபியோ மட்டும் "போதும், போதும்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவன் அசைவது நின்ற பிறகும் வெகுநேரம் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். என் இடது கையில் ஒரு கல் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. திரும்பி வரும்போது கையில் இல்லை.

நிகொலாசா கையை ஓங்கவில்லை. காற்றுக்கு மெழுகுவர்த்தி அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகெல்லாம் ரத்தம் தெறித்திருந்தது.

நேற்று டவுனிலிருந்து போலீஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தாய் என்று செபஸ்தியானாவைக் கேட்டார்கள். "ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன்." அடுத்தவள், "ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன்." பிறகு கோழிக்காரர், தச்சர், கோவில் மணி அடிப்பவர். மாவு எந்த நிறம் என்றுகூடத் தெரியாத ஆம்பிளைகள். "ஊரே ரொட்டி சுட்டுச்சா?" என்று அதிகாரி கத்தினார். "ஆமாங்க ஐயா, ஆர்டர் ஜாஸ்தி," என்றாள் செபஸ்தியானா.

அதிகாரி போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் மாவில் கை வைத்தால் அது வேறு எதையோ தொடுவது மாதிரி இருக்கிறது. இரண்டு நாளாகச் சுடவில்லை. அழுதுகொண்டே இருக்கிறேன், யாருக்காக என்று தெரியாமல்.

இன்னொன்று. எவரிஸ்தோவின் அக்கா வந்து உசேபியோவிடம் வழக்கு வைத்திருக்கிறாள். ரொட்டி தின்ற பெண், அவள் அப்பனிடமும் அவன் கேட்டுவிட்டான், ஆகவே நிகொலாசா அவனுக்கு ஒரு வருஷம் கறுப்புப் போட்டுத் துக்கம் காக்க வேண்டும், அவன் வீட்டில் இருந்து காக்க வேண்டும் என்கிறாள். பெரியவர் முடிவு சொல்லவில்லை. பெற்றவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். என்ன சொல்லட்டும்?

உர்சுலா


காப்பித் தோட்டம்
27 ஜனவரி 1998

உர்சுலா,

எரித்துவிட்டேன். கரண்டியால் சாம்பலையும் குத்திவிட்டேன்.

பதினைந்து வருஷமாக அவனை என் கையால் கொன்றுகொண்டிருந்தேன், தினமும், ஒவ்வொரு மாதிரி. நீ எழுதியதைப் படித்ததும் காப்பிச் செடிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நீ அழுவதாக எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கும் அழுகை வந்தது. அதனால் உனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ளாதே. கல்லைப் பற்றி இனி யாரிடமும் பேசாதே, என்னிடமும்.

மாவில் கை வை. அருவருப்பாக இருந்தாலும் வை. அந்த ஆறு பேரும் உன்னைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள்.

சனிக்கிழமை ஒப்பந்தம் முடிகிறது, அட்டையை வாங்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்புகிறேன். நான் வரும்வரை பைன் மரத்தடியில் ஒருவரும் தோண்டக் கூடாது. அடியில் கிடக்கிறவரை நான்தான் எடுக்க வேண்டும். என் தம்பியை நீ எடு.

உசேபியோவிடம் என் பதிலைச் சொல். ஊர் நடுவில், அவன் அக்கா காதில் விழும்படி சொல். முறைப்படி அப்பன்காரனிடம் கேட்டாயிற்று. அவர் தரமாட்டேன் என்றுவிட்டார்.

கந்தெலாரியா